பத்து மீட்டருக்குக் கீழே நிற்கும் கரைகள்: நீர்வளத் துறைக்கும் மலை மாவட்ட ஆட்சியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நீர்வளத் துறை முதன்மைத் தலைமைப் பொறியாளர் அவர்களுக்கும், நீலகிரி, கோயம்புத்தூர், திண்டுக்கல், தேனி, சேலம் மாவட்ட ஆட்சியர்களுக்கும்,

வணக்கம்.

அணைப் பாதுகாப்புச் சட்டம், 2021 எந்த அணையைக் கணக்கில் எடுக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். உயரம் 15 மீட்டரைத் தாண்ட வேண்டும். 10 முதல் 15 மீட்டர் வரை என்றால் கரை நீளம் 500 மீட்டருக்குக் குறையாமலோ, கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டருக்குக் குறையாமலோ, வெள்ளப் போக்கு நொடிக்கு 2,000 கன மீட்டருக்குக் குறையாமலோ இருக்க வேண்டும். அல்லது அடித்தளம் சிக்கலானதாக, வடிவமைப்பு வழக்கத்துக்கு மாறானதாக இருக்க வேண்டும். 10 மீட்டருக்குக் கீழே எது நின்றாலும் அந்தச் சட்டத்துக்கு அது அணை இல்லை. 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டமோ, பொதுப்பணித் துறையின் பொறுப்பில் இருந்த ஏரிகளோடு நின்றுவிடுகிறது.

ஆக, காப்பித் தோட்டத்து ஓடையை மறித்து, பட்டா நிலத்தில், சொந்தச் செலவில் போட்ட 6 மீட்டர் மண் கரையைப் பார்வையிட வேண்டிய கடமை எந்த அலுவலகத்துக்கும் இல்லை. அது எங்கே இருக்கிறது என்ற பட்டியல்கூட இல்லை. இந்தக் கரைகளைத் திட்டமிடுவதும் கட்டுவதும் ஒக்கிடுவதும் எங்கள் தொழில். நாங்கள் கேட்பது ஒன்றுதான்: உயரத்தை விட்டுவிட்டு, கரைக்குக் கீழே யார் குடியிருக்கிறார்கள், கலிங்கு (மிகுந்த நீரை வெளியேற்றும் போக்கி) போதுமா என்ற இரண்டு கேள்விகளை வைத்து இந்தச் சின்ன அணைகளைக் கணக்கெடுங்கள். இடிக்கச் சொல்லி நோட்டீஸ் ஒட்டுவதற்காக அல்ல, காப்பாற்றி வைப்பதற்காக.

முதலில், இவை ஏன் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறோம். ஏனென்றால் எங்காவது ஒரு கரை உடைந்தால், மறுநாளே எல்லாத் தனியார் அணைகளையும் அகற்றச் சொல்லும் குரல்தான் முதலில் எழும்.

நாங்கள் அடிக்கடி பார்க்கும் அளவையே எடுத்துக்கொள்வோம். கரையின் உயரம் 6 மீட்டர், நிறைமட்டத்தில் ஆழம் 5 மீட்டர், நீர்ப்பரப்பு 2 ஏக்கர். பள்ளத்தாக்கின் வடிவத்தைப் பார்த்தால் பரப்பை ஆழத்தால் பெருக்கி அதில் ஐந்தில் இரண்டு பங்கு எடுப்பது வழக்கம். சுமார் 16,000 கன மீட்டர் வரும், அதாவது 1.6 கோடி லிட்டர். இதில் வண்டலும் மதகுக்குக் கீழே தங்கிவிடும் தண்ணீரும் சுமார் 3,000 கன மீட்டர். டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை நாளொன்றுக்கு நான்கைந்து மில்லிமீட்டர் ஆவியாகிப் போவதில் இன்னொரு 3,000. மிச்சம் 10,000 கன மீட்டர். கூடலூர்ப் பக்கம் ரொபஸ்டா காப்பிக்குப் பூ எடுக்கப் பிப்ரவரி, மார்ச்சில் ஸ்பிரிங்க்ளர் போட்டு 25 மில்லிமீட்டர் தண்ணீர் விடுவார்கள். அந்தக் கணக்கில் இந்தக் குளம் 100 ஏக்கருக்கு ஒரு தரம் பாயும். பூ விரிந்து இரண்டு மூன்று வாரத்தில் பிஞ்சு நிற்க விடும் இரண்டாம் தண்ணீரையும் சேர்த்தால் 50 ஏக்கர். பூ மழை தவறிய வருடத்தில் தோட்டம் காய்ப்பதா பட்டுப்போவதா என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

தோட்டக்காரருக்கு மட்டுமா பயன் என்றால், இல்லை. கரைக்கு அடியிலும் குளத்தின் தரையிலும் இறங்கும் நீர் கீழ்ப்பக்கத்து ஊற்றுகளையும் கிணறுகளையும் கோடையில் தாங்குகிறது. மழைக்காலத்தில் ஓடை அடித்து வரும் மண் இங்கேயே படிவதால் அடிவாரத்து ஏரிகளுக்கு அந்த அளவுக்கு வண்டல் குறைகிறது. காட்டுத் தீ பிடித்தால் வனத்துறை டேங்கர் தண்ணீர் பிடிக்க வருவதும் இந்தக் குளங்களுக்குத்தான். இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டிவிட்டால் அடுத்த கோடையில் ஆழ்துளைக் கிணறு போடும் லாரிகள் மலை ஏறும். அது இதைவிடக் கெட்டது.

இப்போது மறுபக்கம். இதே 16,000 கன மீட்டர் உடைந்தால் என்ன ஆகும்? மண் அணை உடைப்புக்குப் பரவலாகப் பயன்படும் வாய்பாட்டில் 5 மீட்டர் ஆழத்தைப் போட்டால் உச்சப் போக்கு நொடிக்குச் சுமார் 75 கன மீட்டர் வருகிறது. அந்த ஓடை பெருமழையில் சுமக்கும் வெள்ளம் 5 கன மீட்டர்தான். பதினைந்து மடங்கு தண்ணீர், சில நிமிடங்களில், மரத்தையும் பாறையையும் உருட்டிக்கொண்டு வரும். தொழிலாளர்களின் லைன் வீடுகள் ஓடைக்கரையில் இருப்பது எந்தத் தோட்டத்தில் இல்லை?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் லான் லேக் என்ற மண் அணை, விவசாயிகளின் பாசன நிறுவனம் 1903-ல் கட்டியது. உயரம் சுமார் 8 மீட்டர். நம் சட்டப்படி கணக்கிலேயே வராது. 1982 ஜூலை 15 காலையில், மழை ஏதும் இல்லாமல், வெளியேற்றுக் குழாய் வால்வோடு சேரும் இடத்தில் ஈயம் வைத்து அடைத்த மூட்டு கசிந்து, உள்ளரிப்பு (கரைக்குள் ஓடும் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போவது) முற்றிக் கரை உடைந்தது. வந்த வெள்ளம் கீழே இருந்த இன்னொரு சிறிய அணையையும் சாய்த்துக்கொண்டு எஸ்டிஸ் பார்க் என்ற ஊருக்குள் புகுந்தது. மூன்று பேர் இறந்தார்கள். 2018 மே 9 இரவு கென்யாவின் சோலாயில் தனியார் தோட்டத்து மண் அணை உடைந்து குறைந்தது 47 பேர் இறந்தார்கள். 

கரைகள் ஏன் உடைகின்றன என்பதில் மர்மம் ஏதும் இல்லை. கரைக்கு மேலே தண்ணீர் வழிவது ஒன்று. கரைக்கு உள்ளே தண்ணீர் வழி தேடிக்கொள்வது இன்னொன்று. சரிவு சரிந்து விழுவது மூன்றாவது. மற்றதெல்லாம் இவற்றுக்கு வழிவிடும் காரணங்கள்தான்.

தனியார் கரைகளில் கண்டிப்பாகத் தப்பாக இருப்பது எது என்று கேட்டால், கலிங்கு என்றே சொல்வோம். கரைக்குச் செலவு செய்பவர் கலிங்குக்குச் செலவு செய்யத் தயங்குகிறார், ஏனென்றால் அது தண்ணீரை வெளியே அனுப்பும் வேலை. பெரும்பாலான இடங்களில் கரை ஓரத்தில் ஒரு 60 சென்டிமீட்டர் ஹியூம் பைப்பை (கான்கிரீட் குழாயை) புதைத்துவிட்டு அதையே போக்கி என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேலே சொன்ன குளத்துக்கு நீர்ப்பிடிப்பு 40 ஹெக்டேர், அதாவது 100 ஏக்கர். மணிக்கு 90 மில்லிமீட்டர் வேகத்தில் மழை அடித்து அதில் பாதி ஓடி வந்தால், 0.5-ஐ 90-ஆலும் 40-ஆலும் பெருக்கி 360-ஆல் வகுத்தால் நொடிக்கு 5 கன மீட்டர். ஒரு மீட்டர் நீர் அழுத்தத்தில் அந்த ஹியூம் பைப் தள்ளும் அளவு முக்கால் கன மீட்டர். ஏழு பைப் வேண்டிய இடத்தில் ஒரு பைப். அதிலும் ஒரு சில்வர் ஓக் கிளை குறுக்கே விழுந்தால் அதுவும் இல்லை.

அதற்குப் பதில் திறந்த கலிங்கு: கரையில் வெட்டாமல், கரை முடிந்து மலைச்சரிவு தொடங்கும் இடத்தில், வெட்டாத இயற்கை மண்ணிலோ பாறையிலோ அமைக்க வேண்டும். நீர் 60 சென்டிமீட்டர் உயரத்துக்கு வழிந்தால் அகலத்தின் ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 0.8 கன மீட்டர் போகும். 5 கன மீட்டருக்கு ஆறரை மீட்டர் அகலம் போதும். கலிங்கு மட்டத்திலிருந்து கரை முடிக்கு ஒரு மீட்டருக்குக் குறையாத இடைவெளி விட்டால், 60 சென்டிமீட்டர் வெள்ளத்துக்குப் போக 40 சென்டிமீட்டர் அலைக்கும் அமுங்கலுக்கும் இருக்கும். மேல் விளிம்பில் ஒரு கான்கிரீட் அல்லது கல் பட்டி பதித்து மட்டம் நிலைக்க வைக்க வேண்டும். வழிந்த தண்ணீர் கரையின் பாதத்தைத் தொடாமல், ஒதுங்கிப் போய் ஓடையில் சேர வேண்டும். புல் போர்த்திய வாய்க்கால் நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகம் வரை தாங்கும். சரிவு அதிகம் என்றால் கல் பதிக்காமல் விடக் கூடாது.

இந்த 90 மில்லிமீட்டர் அதிகம் என்று தோன்றினால், 2019 ஆகஸ்ட் 8 அன்று நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பதிவானதையும், 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியதையும் நினைவுபடுத்துகிறோம். தூத்துக்குடி மாவட்டத்தில் அன்று ஏரிக் கரைகள் உடைந்ததில், மேல் ஏரி உடைந்து கீழ் ஏரியை உடைப்பது எப்படி என்பதைத் துறை நேரிலேயே பார்த்துவிட்டது. மலை ஓடைகளிலும் அணைகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் மேல் தோட்டமும் கீழ்த் தோட்டமும் வெவ்வேறு பட்டா என்பதால் ஒருவர் கரையைப் பற்றி மற்றவருக்குத் தெரியாது.

நன்றாகக் கட்டிய கலிங்கும் பிறகு கெடுக்கப்படுகிறது. மழை முடியும் நேரத்தில் இன்னும் அரை மீட்டர் தண்ணீர் நிற்கட்டும் என்று மணல் மூட்டை அடுக்குகிறார்கள். அடுத்த வருடம் அந்த மூட்டை இருந்த இடத்தில் செங்கல் சுவர் வந்துவிடுகிறது. அந்தச் சுவர் உயர்ந்த அளவுக்குக் கரையின் இடைவெளி குறைந்துபோனது யார் கண்ணிலும் படுவதில்லை. மீன் குஞ்சு விட்டவர் வலை கட்டுகிறார், வலையில் சருகு அடைகிறது. ஹவாய்த் தீவுகளில் கா லோகோ என்ற தனியார் மண் அணை 2006 மார்ச் 14 அன்று உடைந்து ஏழு பேர் இறந்தபோது, அதன் போக்கி மண் கொட்டி மூடப்பட்டிருந்தது விசாரணையில் தெரியவந்தது. 1889-ல் அமெரிக்காவின் ஜான்ஸ்டவுன் நகரில் 2,209 பேரைக் கொன்ற சவுத் ஃபோர்க் அணையும் ஒரு தனியார் கிளப்புக்குச் சொந்தமானதுதான். அடி வெளியேற்றுக் குழாய்கள் முன்பே அகற்றப்பட்டிருந்தன, வண்டி போகக் கரை முடி தாழ்த்தப்பட்டிருந்தது, மீன் தப்பாமலிருக்கப் போக்கியில் கம்பித் தடுப்பு வைக்கப்பட்டிருந்தது. மூன்றும் இன்றைக்கும் நம் தோட்டங்களில் நடக்கிற காரியங்கள்.

கரை முடியின் மட்டத்தையும் பார்க்க வேண்டும். மண் கரை நடுவில், உயரம் அதிகமுள்ள இடத்தில், அதிகம் அமுங்கும். டிராக்டர் தினமும் கடக்கும் இடத்திலும் தடம் விழும். ரசமட்டக் குழாயை வைத்து ஐந்து மீட்டருக்கு ஓர் இடம் மட்டம் பார்க்க இரண்டு ஆளுக்கு அரை நாள் வேலை. 15 சென்டிமீட்டர் தாழ்ந்த ஓர் இடம் போதும், வெள்ளம் முழுவதும் அந்த வழியாகத்தான் இறங்கும். புதுக் கரையில் இதற்காகவே, ரோலர் போட்டு இறுக்கியிருந்தால் உயரத்தில் 5 சதவீதம், இறுக்கம் குறைவென்றால் 10 சதவீதம் கூடுதலாக நடுவில் ஏற்றிக் கட்டுவோம்.

அடுத்தது உள்ளரிப்பு. இது மழைக்காகக் காத்திருக்காது. கரைக்குள் போகும் குழாயின் வெளிப்பரப்பை ஒட்டித்தான் தண்ணீர் முதலில் வழி கண்டுபிடிக்கிறது, ஏனென்றால் உருண்டைக் குழாயின் அடிவயிற்றில் மண்ணை இறுக்கக் கை போகாது. பழைய முறையில் குழாயைச் சுற்றிக் கான்கிரீட் காலர் போடுவார்கள். காலரைச் சுற்றியும் இறுக்க முடிவதில்லை என்பது அனுபவத்தில் தெரிந்த பிறகு, குழாயின் கீழ்ப்பகுதி மூன்றில் ஒரு பங்கு நீளத்தில், குழாயைச் சுற்றி 60 சென்டிமீட்டருக்குக் குறையாத மணல் உறை ஒன்றைக் குறுக்கே வைத்து, அதிலிருந்து பாதம் வரை வடிகால் விடுவதுதான் சரியான வழி. தண்ணீர் வரட்டும், மண் வரக்கூடாது என்பதே அதன் வேலை. மணல் சுத்தமாக இருக்க வேண்டும், 75 மைக்ரானுக்குக் கீழான தூள் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இப்போது கிடைக்கும் எம்-சாண்டைக் கழுவாமல் போட்டால் அந்தத் தூளே பசைபோல் பிடித்து, விரிசல் வந்தால் மணல் சரிந்து மூடாமல் நின்றுவிடும். இதை நாங்கள் சொல்லும்போது ஒப்பந்தக்காரர்களின் முகம் மாறும், பரவாயில்லை.

வால்வை எங்கே வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். வெளிப்பக்கம் மட்டும் வால்வு வைத்தால், கரைக்கு உள்ளிருக்கும் குழாய் முழுவதும் எந்நேரமும் அழுத்தத்தில் இருக்கும். ஒரு மூட்டு விட்டால் தண்ணீர் கரையின் வயிற்றுக்குள் பீய்ச்சும். மதகை நீர்ப்பக்கத்தில் வைத்தால் மூடியவுடன் குழாய் காலி. நம் பழைய ஏரிகளில் குமிழித் தூம்பை (தண்ணீர் திறந்துவிடும் பழைய மதகை) நீருக்குள் வைத்ததன் அருமை இதுதான்.

கசிவு இருப்பது குற்றமல்ல. கசியாத மண் கரை கிடையாது. பாதத்தில் வடிகிற தண்ணீரை ஒரே இடத்துக்குக் கூட்டி, 10 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை நொடி என்று வாரம் ஒரு தரம் பார்த்து, அன்றைய குளத்து மட்டத்தோடு ஒரு நோட்டில் எழுதினால் போதும். 40 நொடி என்றால் நொடிக்குக் கால் லிட்டர். மட்டம் ஏறும்போது கசிவு ஏறுவது இயல்பு. மட்டம் அப்படியே இருக்கக் கசிவு மட்டும் கூடினால் ஆபத்து. திடீரென நின்றுபோனாலும் சந்தேகப்பட வேண்டும், உள்ளே எங்கோ சரிந்து அடைத்திருக்கலாம். ஒரு வெள்ளைப் பாட்டிலில் பிடித்து இரவு முழுக்க அசையாமல் வையுங்கள். காலையில் அடியில் வண்டல் படிந்திருந்தால் அது கரையின் மண், வெளியே வந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

அப்படிக் கலங்கல் வந்தால் என்ன செய்வது என்பது தோட்டத்து மேஸ்திரிக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கண்டவுடன் களிமண்ணையோ சிமெண்டையோ வைத்து ஓட்டையை அடைக்கத்தான் கை போகும். அதைச் செய்யவே கூடாது. அடைத்தால் தண்ணீர் உள்ளே தேங்கி, பக்கத்தில் பெரிதாக உடைத்துக்கொண்டு வரும். முதலில் கலங்கல் வரும் இடத்தின் மேல் மணல் 30 சென்டிமீட்டர், அதன் மேல் சின்னச் சிப்ஸ் கல், அதற்கும் மேல் ஜல்லி என்று அடுக்க வேண்டும். தண்ணீர் தெளிந்து வரத் தொடங்கினால் வேலை நடக்கிறது. மண் அடியிலிருந்து கொப்பளித்தால் அதைச் சுற்றி மணல் மூட்டையில் வட்டம் கட்டி உள்ளே தண்ணீர் கொஞ்சம் உயர விட்டால் கொப்பளிப்பு அடங்கும். கூடவே குளத்தை இறக்க வேண்டும். மதகு முழுத் திறப்பு, அதோடு 110 மில்லிமீட்டர் பிவிசி குழாயில் கரைக்கு மேலாகச் சைபன் (கரை மேல் ஏறி இறங்கி, தண்ணீரைத் தானாக இழுக்கும் குழாய்). மட்ட வேறுபாடு 4 மீட்டர், குழாய் நீளம் 30 மீட்டர் என்றால் ஒரு சைபன் நொடிக்கு 20 லிட்டருக்குமேல் இழுக்கும். நான்கு போட்டால் 2 ஏக்கர் குளத்தில் அரை மீட்டர் இறக்க அரை நாளுக்குச் சற்றுக் கூடப் பிடிக்கும். இதற்கான குழாயும், அதன் நீர்ப்பக்க முனையில் மாட்டும் ஃபுட் வால்வும் ஷெட்டில் தயாராக இருக்க வேண்டும், இரவில் தேட முடியாது. எந்த நிலையிலும் கரையை வெட்டி விடக் கூடாது. அவசரமென்றால் இயற்கை மண்ணில் இருக்கும் கலிங்கைத்தான் தாழ்த்த வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்பு, கீழே குடியிருப்பவர்களுக்குப் போன் போக வேண்டும். குளத்து நீர்ப்பக்கத்தில் சுழல் தெரிந்துவிட்டால் மணலை விடுங்கள், ஆட்களை மேட்டுக்கு ஏற்றுங்கள்.

மரம், எலி, நண்டு. கரையில் நிற்கும் யூக்கலிப்டஸ், சில்வர் ஓக் இவற்றை அழகு என்று விட்டுவைக்கிறார்கள். காற்றில் வேரோடு சாய்ந்தால் கரையில் பாதி போகும், பட்டுப்போனால் வேர் மக்கிய இடம் குழாயாகும். தொடை அளவு பெருத்த மரத்தை வெட்டினால் மட்டும் போதாது, நீர்மட்டத்தை இறக்கி வேரைத் தோண்டி எடுத்துக் களிமண்ணை அடுக்கடுக்காக இடித்து நிரப்ப வேண்டும். 1977 நவம்பர் 6 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஒரு கல்லூரிக்குச் சொந்தமான கெல்லி பார்ன்ஸ் அணை உடைந்து 39 பேர் இறந்தார்கள். அதன் சரிவில் மரங்கள் வளர்ந்து நின்றன. அதன் பிறகுதான் அந்த நாட்டில் மத்திய அரசுக்குச் சொந்தமில்லாத அணைகளை வரிசையாகப் பரிசோதிக்கத் தொடங்கினார்கள். கரைக்கு வேண்டியது அருகம்புல்லும் ஓரத்தில் வெட்டிவேரும்தான். புல்லை முழங்காலுக்குக் கீழே வெட்டி வைத்தால் எலி, நண்டு வளை எங்கே என்று கண்ணுக்குத் தெரியும்.

சரிவு பற்றிச் சுருக்கமாக. நீர்ப்பக்கம் உயரம் ஒன்றுக்குக் கிடைநீளம் இரண்டரை முதல் மூன்று, வெளிப்பக்கம் ஒன்றுக்கு இரண்டு, முடி அகலம் 3 மீட்டர். இடம் போதவில்லை என்று சரிவைச் செங்குத்தாக்குவது மலையில் சகஜம். அதைவிடச் சகஜமாகக் கவனிக்காமல் விடுவது, பிப்ரவரியில் இரண்டு மூன்று டீசல் பம்பை வைத்துக் குளத்தை ஒரே வாரத்தில் வற்றடிப்பது. தண்ணீர் வெளியே இறங்கிவிடும், கரைக்குள் ஊறியது அவ்வளவு வேகமாக இறங்காது. தாங்கிப் பிடித்த நீர் போய்விட்டதால் ஊறிய மண் உள்ளே சரியும். நாளுக்கு 30 சென்டிமீட்டருக்குமேல் இறக்காமல் இருப்பது நல்லது.

கட்டும்போது செய்யும் தவறுகளில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது: ஜேசிபியால் மண்ணை அள்ளிக் கொட்டி, அதன் மேலேயே ஏறி இறங்கினால் இறுகிவிடும் என்ற நம்பிக்கை. இறுகாது. செயின் வண்டி தன் பாரத்தைப் பரப்பி நிற்பதற்காகவே செய்யப்பட்டது. மண்ணை 20 சென்டிமீட்டருக்கு மேற்படாத அடுக்காகப் பரப்பி, ஆட்டுக்கால் ரோலர் ஓட்டி, அடுத்த அடுக்குக்கு முன் மேற்பரப்பைக் கீறிவிட வேண்டும். ஈரம் சரியா என்று பார்க்க ஆய்வகம் வேண்டாம். ஒரு பிடி எடுத்து உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். தூளானால் ஈரம் போதாது, தட்டையாக ஒட்டிக்கொண்டால் ஈரம் அதிகம், இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் ரோலரை ஓட்டலாம். கரையின் நடுவே, உறுதியான களிமண்ணோ பாறையோ தட்டும்வரை வெட்டுப் பள்ளம் எடுத்து, அதற்குள் இன்னும் 60 சென்டிமீட்டர் இறக்கிக் களிமண் இட்டு நிரப்பாமல் எந்தக் கரையும் எழக் கூடாது.

களிமண் எல்லாம் களிமண்ணும் அல்ல. ஒரு பட்டாணி அளவு கட்டியை ஒரு கண்ணாடி டம்ளரில் மழைநீர் ஊற்றி மெதுவாக விடுங்கள். கலக்க வேண்டாம். கட்டி உடைந்து அடியில் குவிந்தால் பயமில்லை. பத்து நிமிடத்தில் அதைச் சுற்றிப் பால் கலந்ததுபோல் மங்கல் பரவினால், அந்த மண் நீரில் கரைந்து பிரியும் வகை. அதை வைத்துக் கரை கட்டினால் மழைத்துளி போதும், உள்ளே குகை விழும். வேறு மண் கிடைக்காதென்றால் ஜிப்சமோ சுண்ணாம்போ கலந்து, ஆய்வகத்தில் மீண்டும் பார்த்த பிறகே கட்ட வேண்டும்.

நீர் நிர்வாகம் என்று வரும்போது பாதுகாப்போடு பங்கீடும் சேர்கிறது. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, இயற்கை ஓடை தன் நிலத்துக்கு அளவிலும் திசையிலும் பெரிதாக மாறாமல் வந்து சேர வேண்டும் என்பதைக் கீழுள்ள நிலக்காரரின் உரிமையாக வைத்திருக்கிறது. எனவே மதகு என்பது தோட்டக்காரரின் பாசனத்துக்கு மட்டுமல்ல. குளம் நிரம்பும் காலத்திலும் கோடையிலும் ஓடையில் ஒரு சிறு ஓட்டம் நிற்காமல் போகத் தனியாக ஒரு சின்னக் குழாய், பூட்டாத வால்வோடு, வைக்க வேண்டும். இது இருந்தால் அடிவாரத்துக்காரர் அணையைக் கண்டு கோபப்பட மாட்டார், இல்லாவிட்டால் ஒரு ராத்திரியில் கடப்பாரையோடு வருவார். இந்தக் கடப்பாரையும் கரை உடைவதற்கு ஒரு காரணம்தான், வாய்பாட்டில் வராத காரணம்.

பொறுப்பு யாருடையது என்ற கேள்வி இந்த மண்ணுக்குப் புதிதல்ல. கார்வேட்டிநகர் ஜமீனின் ஏரிகள் பெருமழையில் உடைந்து மதராஸ் ரயில்வே கம்பெனியின் பாலங்களைச் சேதப்படுத்திய வழக்கில், 1874-ல், அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் ஜமீன்தாருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. தன் லாபத்துக்காக ஒருவர் தன் நிலத்தில் தண்ணீர் சேர்த்து வைத்தால் அது தப்பி வரும் சேதத்துக்கு அவரே பொறுப்பு என்ற இங்கிலாந்தின் விதி இங்கே பொருந்தாது. ஏரியைப் பேணுவது நிலக்காரரின் கடமை, இந்த நாட்டுப் பாசனமே அதில் தங்கியிருக்கிறது. எனவே அலட்சியம் நிரூபிக்கப்பட்டால்தான் அவர் மேல் குற்றம் என்றது. தண்ணீர் வைத்திருப்பது பொதுநலம், அலட்சியம் மட்டுமே குற்றம். நல்ல அளவுகோல். ஆனால் அலட்சியம் எது என்பதைச் சொல்ல ஒரு குறைந்தபட்சத் தரம் எழுதப்பட்டிருக்க வேண்டும். சின்ன அணைகளுக்கு அது இன்றுவரை இல்லை.

மற்ற நாடுகள் எங்கே கோடு கிழித்திருக்கின்றன என்று பாருங்கள். இங்கிலாந்தில் 25,000 கன மீட்டர் தாண்டினால் பதிவு கட்டாயம். வேல்ஸ் 2016-லிருந்து அதை 10,000-ஆகக் குறைத்துவிட்டது. தென்னாப்பிரிக்காவில் 5 மீட்டருக்கு மேல் உயரமும் 50,000 கன மீட்டருக்கு மேல் கொள்ளளவும் இருந்தால் அது பாதுகாப்பு அபாயமுள்ள அணை. நம் மலைச்சரிவுகளுக்கு இவையும் பெரிது என்பது எங்கள் கருத்து. 3 மீட்டருக்கு மேல் கரை, அல்லது 5,000 கன மீட்டருக்கு மேல் தண்ணீர், அதோடு ஓடைவழியே 2 கிலோமீட்டருக்குள் வீடு, பள்ளி, சாலைப் பாலம் ஏதாவது இருந்தால் பதிவேட்டில் ஏற்றுங்கள். வீடே இல்லாத பள்ளத்தில் நிற்கும் குட்டையை விட்டுவிடுங்கள். அலுவலரின் நாளை அங்கே செலவழிப்பதில் பயனில்லை.

பதிவுக்குக் கட்டணம் வேண்டாம். கட்டணம் வைத்த மறுநாளே அணைகள் "மீன் குட்டை" ஆகிவிடும். ஒரு பக்கப் படிவம் போதும்: கரை உயரம், நீர்ப்பரப்பு, கலிங்கின் அகலமும் ஆழமும், குழாயின் வயதும் வகையும், கீழே முதல் வீடு எவ்வளவு தூரம், அதே ஓடையில் மேலேயும் கீழேயும் உள்ள அணைகள், இரவில் எடுக்கும் போன் எண். செயற்கைக்கோள் படத்தில் ஜனவரி மாதத்து நீர்ப்பரப்பைப் பார்த்தால் படிவம் தராதவர்களையும் கண்டுபிடிக்கலாம்.

வருடத்துக்கு ஒரு நாள், வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஓர் உதவிப் பொறியாளர் வந்து நடக்கட்டும். கூடலூர், வால்பாறைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை முக்கியம் என்பதால் அங்கே மே மாதமே வர வேண்டும். வருபவர் குறை கண்டால் முதலில் தண்டனை அல்ல, மட்டக் கட்டுப்பாடு: கலிங்கு போதாத குளம் அந்த மழைக்காலத்தில் ஒன்றரை மீட்டர் தாழ்த்தித்தான் வைக்கப்பட வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். தண்ணீர் குறையும் என்ற கவலையே உரிமையாளரைக் கலிங்கு கட்ட வைக்கும். செங்கல் சுவர் வைத்துக் கலிங்கை உயர்த்தியவருக்கு மட்டும் தயவு வேண்டாம். அது அன்றைக்கே இடிக்கப்பட வேண்டும்.

ஆட்சியர்களிடம் தனியாக ஒன்று. நீலகிரி போன்ற மலைப்பகுதிகளில் பொக்லைன் இறக்க அனுமதி வாங்க வேண்டும் என்பதை நாங்கள் எதிர்க்கவில்லை, அந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் மலையே மிஞ்சாது. ஆனால் கலிங்கு வாய்க்காலில் விழுந்த மண்ணை அள்ளவும் கரை முடியை மட்டப்படுத்தவும் கேட்கும் மனு, புது ரிசார்ட்டுக்கு மலையைச் சீவக் கேட்கும் மனுவோடு ஒரே கட்டில் கிடக்கிறது. அனுமதி வரும்போது மழையும் வந்துவிடுகிறது. பதிவேட்டில் உள்ள அணையின் பராமரிப்புக்கு, உதவிப் பொறியாளரின் ஒரு வரிப் பரிந்துரையின் பேரில், ஏழு நாளில், குறித்த மணிநேரத்துக்கு மட்டும், புகைப்படச் சான்றோடு அனுமதி கொடுக்க ஒரு தனி உத்தரவு போட்டால் போதும்.

வனத்துறை, தோட்டக்கலைத் துறை, பேரிடர் மேலாண்மை மூவரும் கூட்டத்துக்கு வரட்டும், ஆனால் பதிவேடு நீர்வளத் துறையிடமே இருக்கட்டும். நான்கு பேரிடம் இருந்தால் யாரிடமும் இருக்காது. முதல் வருடம் ஒரே ஓர் ஓடையை, உச்சி அணை முதல் அடிவார ஏரி வரை, முழுதாக எடுத்துக்கொண்டு செய்து பாருங்கள். எந்த ஓடை என்று நீங்கள் முடிவு செய்தால், படிவத்தை நிரப்பவும், கலிங்குகளை அளக்கவும், கணக்கைச் சரிபார்க்கவும் எங்களில் சிலர் கூலி வாங்காமல் வந்து நிற்கிறோம். ஆகஸ்ட் முதல் வாரத்தில் தொடங்கினால் செப்டம்பருக்குள் ஒரு ஓடை முடிந்துவிடும்.

இப்படிக்கு,
மண் அணை வேலையில் உள்ள பொறியாளர்கள், மேஸ்திரிகள், தோட்டத்து நீர்ப்பாசனப் பணியாளர்கள்